ஸ்டோர்ஸ் எங்கே இருக்கிறது?

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. இரவு பதினொன்றரை இருக்கும். தூக்கம் வராமல் திண்ணைக்கு வந்தேன். எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் அண்ணன் மகன் அங்கேதான் உட்கார்ந்து வேலை பார்ப்பான். கொரோனா வந்ததிலிருந்து பெங்களூரை விட்டுக் கரியமாணிக்கத்துக்கே வந்து, மடிக்கணினியோடு இருந்துவிட்டான். சரி, பிள்ளை இன்னும் சாப்பிடவில்லையோ என்று ஒரு பிளாஸ்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

என்னைப் பார்த்ததும், "சித்தப்பா, உங்க காலத்துல ஜே.என்.டி.ஐ. இருந்துச்சா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பணியிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. ரேஷன் கார்டு, பென்ஷன், முட்டிவலி இவற்றைத் தவிர வேறு எதையும் யாரும் என்னிடம் விசாரிப்பதில்லை. நான் பத்து வருடம் சோறு தின்ற தொழிலின் பெயரை இந்த ஊரில், நடுராத்திரியில், ஒருவன் சொல்கிறான்!

"இருந்துச்சா என்னடா, அதை வெச்சுத்தான் உன் சித்தி கழுத்துல நகை இருக்கு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. உலகம் முழுக்க இதே நேரத்தில் என்னைப் போல ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் சித்தப்பா என்றான். அது என்ன விவகாரம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த ஜே.என்.டி.ஐ. என்பது என்ன என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமானால், நம் தெருமுனை மளிகைக் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்கு 'பி.பி. நம்பர்' நினைவிருக்கும். கல்யாணப் பத்திரிகையிலும், கடிதத்தின் மேல் மூலையிலும் தொலைபேசி எண்ணை எழுதி அதன் பக்கத்தில் பி.பி. என்று போட்டிருப்போம். அது நம் வீட்டு எண் அல்ல. பக்கத்துக் கடையின் எண், அல்லது ரைஸ் மில்லின் எண். அங்கே கூப்பிட்டு நம் பெயரைச் சொன்னால் யாராவது ஓடி வந்து அழைத்துப் போவார்கள். எங்கள் தெருவுக்கு மளிகைக் கடைதான் பி.பி. சென்னையிலிருந்து ட்ரங்க் கால் போட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து, இணைப்பு கிடைத்து, அப்பா பெயரைச் சொன்னால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தெரு?" என்பதுதான். அந்தப் பெயரில் ஊரில் நாலு பேர் இருந்தார்கள். தெருவைச் சொல்லி, யார் மகன் என்று சொல்லி, அப்புறம் ஒரு பையனை அனுப்புவார். அப்பா வயலில் இருந்தால் வயலுக்குப் போவான். கழனியில் இல்லாமல் மடுகரைக்குப் போயிருந்தால், "மடுகரை போயிருக்காருங்க, பொழுதுசாய வருவாரு" என்ற பதில் வரும்.

பேசுகிறவனுக்கு ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டியதில்லை. பெயர் தெரிந்தால் போதும். இடம் தெரிந்தவர் நடுவில் ஒருவர் இருக்கிறார். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் பிறகு நான் எழுதப்போவதெல்லாம் இந்தக் கடைக்காரரின் வேலை எப்படி வளர்ந்தது என்கிற கதைதான்.

நான் 1978-இல் சென்னையில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஆண்கள் அந்த வேலைக்கு வருவது குறைவு. போர்டு என்று சொல்வோம். சின்னச் சின்னத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே விழும் ஒரு சிறு மூடி, கீழே பிளக் வைத்த கயிறுகள். வெளியிலிருந்து கால் வந்தால் மூடி விழும். ஒரு கயிற்றைச் செருகிக் கேட்டு, இன்னொரு கயிற்றை உரிய எக்ஸ்டென்ஷனில் செருக வேண்டும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனியர் அக்கா. அவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. பேனாவால் அல்ல, பென்சிலால் எழுதியது. ஏன் அக்கா பென்சில் என்று கேட்டேன். "மாறிக்கிட்டே இருக்கும்ப்பா, எத்தனை தடவை அடிச்சுத் திருத்துறது?" என்றார். அதில் எண்கள் அதிகம் இல்லை. பெயர்கள்தான். ஸ்டோர்ஸ், கேஷ், டைம் ஆபீஸ், டிஸ்பேட்ச், எம்.டி. ரூம். யாரும் போர்டில் கூப்பிட்டு "37 கொடுங்க" என்று கேட்க மாட்டார்கள். "ஸ்டோர்ஸ் கொடுங்கம்மா" என்பார்கள்.

ஒரு தடவை ஸ்டோர்ஸைத் தரைத்தளத்திலிருந்து பின்கட்டுக்கு மாற்றினார்கள். எக்ஸ்டென்ஷன் எண் மாறிவிட்டது. அக்கா நோட்டில் ரப்பரால் அழித்து ஒரு எண்ணை மாற்றி எழுதினார். அவ்வளவுதான். மறுநாளும் ஆட்கள் ஸ்டோர்ஸ் கேட்டார்கள், ஸ்டோர்ஸ் கிடைத்தது. இடம் மாறியதே பாதிப் பேருக்குத் தெரியாது. நேரடியாக எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு மூன்று கெட்டிக்காரர்கள் மட்டும் காலி அறைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

1986-இல் என் ஆயாவுக்கு முடியாமல் போனது. அப்போது எங்கள் தெருமுனைக் கடைக்காரர் கடையை விற்றுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வேறு ஊர் போய்விட்டார். என் டைரியில் பழைய பி.பி. நம்பர்தான். வாராவாரம் போடும் காலை அந்த வாரமும் போட்டேன். யாரோ எடுத்து, "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று வைத்துவிட்டார்கள். எண் வேலை செய்கிறது, மணி அடிக்கிறது, ஆனால் அதன் மறுமுனையில் எங்கள் தெரு இல்லை. ஒன்றும் இல்லாமல் போவதைவிட இது மோசம் என்று பிற்பாடு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபோது பலமுறை நினைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வில்லியனூர் போய் அங்கிருந்து எங்கள் ஆபீசுக்கு ட்ரங்க் கால் போட்டார். நான் அன்று சீட்டில் இல்லை. அம்பத்தூர் குடோனில் ஒரு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அக்காவுக்குத் தெரியும். குடோனுக்குப் போன் போட்டு, வாட்ச்மேனை விட்டுத் தேடச் சொல்லி, என்னை லைனில் பிடித்துக் கொடுத்தார். அன்று இரவே பஸ் ஏறினேன். ஆயாவை எடுப்பதற்குள் வந்து சேர்ந்தேன். பழைய எண்ணை மட்டும் நம்பியிருந்தால் கருமாதிக்குத்தான் வந்திருப்பேன்.

சரி, கம்ப்யூட்டர் உலகத்துக்கு வருவோம்.

இன்றைய இன்டர்நெட்டுக்குத் தாயான ஆர்ப்பாநெட் அமெரிக்காவில் 1969-இல் தொடங்கியது. 1970களில் அதிலிருந்த கம்ப்யூட்டர்களுக்கு ஒரே ஒரு பட்டியல். எந்தப் பெயருக்கு எந்த எண் என்கிற அந்தக் கோப்பைக் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட குழுவின் தலைவி எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற பெண்மணி. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். நம் அக்காவின் பென்சில் நோட்டேதான்! இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக ஒரே நோட்டு தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் அதைப் பிரித்துக் கொடுக்கும் வழியை வகுத்தார். ஒவ்வொரு வட்டத்தின் பெயர்களையும் அந்தந்த வட்டத்துக்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும். தெரியாததை மேலே கேட்கட்டும். அதுதான் டி.என்.எஸ். என்கிற ஏற்பாடு. இன்று பேரப்பிள்ளைகள் செல்போனில் எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் முதலில் நடப்பது இந்த விசாரிப்புதான். இந்தியாவுக்கு '.இன்' என்ற வால் 1989-இல் கிடைத்தது. இப்போது '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் உண்டு.

இதற்கு இணையாக இன்னொரு கிளை வளர்ந்தது. அதுதான் எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் அதை வளர்த்தவர்கள் டெலிபோன்காரர்கள். உலக நாடுகளின் தபால் தந்தி தொலைபேசித் துறைகள் சேர்ந்து தரங்களை வகுக்கும் சபை ஒன்று ஜெனீவாவில் இருந்தது. சி.சி.ஐ.டி.டி. என்று பெயர். அவர்கள் 1988-இல் எக்ஸ்.500 என்ற ஒன்றை வெளியிட்டார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே டெலிபோன் டைரக்டரி, அது கம்ப்யூட்டரில் இருக்கும், யாரும் எங்கிருந்தும் தேடலாம் என்பது ஆசை.

அவர்களுக்கும் மளிகைக் கடைக்காரரின் சிக்கல்தான் முதலில் வந்தது. ஒரே பெயரில் நாலு பேர். ஆகவே பெயரை மட்டும் தனியாக வைக்காமல் நாடு, நிறுவனம், பிரிவு, ஆள் என்று மரம் போலக் கிளை பிரித்தார்கள். வேரிலிருந்து இலை வரை முழுதாகச் சொன்னால் ஒரே ஒரு ஆளைத்தான் குறிக்கும். நம் ஊரில் இது எப்போதோ வந்துவிட்டது. கரியமாணிக்கம், மேலத்தெரு, இன்னார் மகன் இன்னார். இதற்கு ஜெனீவாவில் கூடிப் பேச வேண்டியிருந்தது.

எக்ஸ்.500 யானை மாதிரி. அதைக் கட்டித் தீனி போடப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். மேஜை மேல் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்களால் முடியவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் முதலானவர்கள் அந்த யானையிடம் எளிதாகக் கேள்வி கேட்க ஒரு சுருக்கு வழி செய்தார்கள். அதன் முதல் வரையறை 1993-இல் வந்தது. எல்டாப் என்று கூப்பிடுவோம். வேடிக்கை என்னவென்றால், கேள்வி கேட்கும் முறை பிரபலமாகி, யானையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2000-இல் விண்டோஸோடு ஆக்டிவ் டைரக்டரி என்று ஒன்றைக் கொடுத்தது. அதுவும் எல்டாப் பேசும். ஆபீசில் காலையில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே நுழைகிறார்களே, பெரும்பாலும் அந்தக் கதவைத் திறந்துவிடுவது அதுதான். அந்த டைரக்டரியைப் பராமரிக்கும் மென்பொருள்களைச் செய்து உலகம் முழுக்க விற்பவர்களில் ஒருவர் நம் சென்னை ஜோஹோ கம்பெனி, அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியவர்கள்.

என் கதைக்கு வருகிறேன். 1989-இல் எங்கள் ஆபீசில் எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. அவரவர் மேஜையிலிருந்தே எண்ணை அழுத்திப் பேசலாம். ஆபரேட்டர்கள் இத்தனை பேர் வேண்டாம் என்றார்கள். அக்கா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னை இ.டி.பி. செக்‌ஷனுக்கு அனுப்பினார்கள். முதலில் டேட்டா என்ட்ரி. அப்புறம் மாலை வகுப்புக்குப் போய்க் கோபால் படித்தேன். முப்பத்து மூன்று வயதில், பி.யூ.சி. படித்தவனுக்கு அது சுலபமாக இல்லை.

1990களின் கடைசியில் சம்பளக் கணக்கெல்லாம் டேட்டாபேஸுக்கு மாறியது. டேட்டாபேஸ் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும்; சம்பளம், பி.எஃப்., லோன், கேன்டீன் பிடித்தம் என்று ஏகப்பட்ட புரோகிராம்கள் அதனிடம் போய்க் கேட்கும். ஒவ்வொரு புரோகிராமின் வயிற்றுக்குள்ளும் அந்தக் கம்ப்யூட்டரின் எண்ணையும் பாஸ்வேர்டையும் நேராக எழுதி வைத்திருந்தோம். 37 கொடுங்க என்று கேட்ட கெட்டிக்காரர்களைப் போல.

ஒரு வருடம் அந்தக் கம்ப்யூட்டரை மாற்றினோம். எண் மாறியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேர் உட்கார்ந்து புரோகிராம்களைத் திறந்து திறந்து மாற்றினோம். ஒன்றை விட்டுவிட்டோம். கூட்டுறவுக் கடன் பிடித்தம் செய்யும் புரோகிராம். பழைய கம்ப்யூட்டர் இன்னும் மூலையில் ஓடிக்கொண்டிருந்ததால் அது பிழை என்றும் சொல்லவில்லை. பழைய கணக்கைப் படித்து, கடனைக் கட்டி முடித்தவர்களிடமும் பிடித்துவிட்டது. ஆயாவுக்காக நான் போட்ட ட்ரங்க் கால் மாதிரியே மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள், ஆனால் தப்பான இடம். முதல் தேதி எங்கள் செக்‌ஷன் வாசலில் நின்ற கூட்டத்தை இன்னும் மறக்கவில்லை.

2003-இல் எல்லாவற்றையும் ஜாவாவுக்கு மாற்றினார்கள். பயிற்சிக்கு வந்த பையன், என்னைவிட இருபது வயது சின்னவன், கரும்பலகையில் ஒரு வரி எழுதினான். ஜாவா, முக்காற்புள்ளி, காம்ப், என்வ், ஜே.டி.பி.சி., பேரோல். இடையிடையே சாய்கோடு. "சார், இனிமே புரோகிராமில் டேட்டாபேஸ் எங்கே இருக்குன்னு எழுத மாட்டீங்க. பேரோல் கொடுன்னு மட்டும் கேப்பீங்க. அது எங்கே இருக்குன்னு சர்வருக்குத் தெரியும். மாறினா சர்வர்ல ஒரு இடத்துல மாத்தினா போதும்."

எனக்கு அக்காவின் ரப்பர் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் முழித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது ஒரு நிமிடத்தில் புரிந்ததற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை. பதினோரு வருடம் போர்டில் உட்கார்ந்ததுதான்.

அதுதான் ஜே.என்.டி.ஐ. விரித்தால் ஜாவா நேமிங் அண்ட் டைரக்டரி இன்டர்ஃபேஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997-இல் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் டி.என்.எஸ்.ஸிடம் ஒரு விதமாகவும், எல்டாப்பிடம் இன்னொரு விதமாகவும், கோப்புகளிடம் வேறு விதமாகவும் கேட்க வேண்டியிருந்தது. இது எல்லா டைரக்டரிக்கும் பொதுவான ஒரே ஜன்னல். பின்னால் எந்த டைரக்டரி என்பது கேட்பவனுக்குத் தேவையில்லை. 1999 டிசம்பரில் பெரிய நிறுவன மென்பொருள்களுக்கான ஜாவா தரம் வந்தபோது இதைக் கட்டாயமாக்கினார்கள். புரோகிராம் எழுதுபவர் ஒரு ஆள், அதைக் கொண்டுபோய் நிறுவுபவர் வேறொரு ஆள் என்று அந்தத் தரத்திலேயே பிரித்திருந்தார்கள். எழுதுபவர் பெயரை மட்டும் சொல்வார், நிறுவுபவர் அந்தப் பெயரை உண்மையான இடத்தோடு முடிச்சுப் போடுவார். நான் ஓய்வு பெறும்வரை அந்த முடிச்சுப் போடுகிறவன். மறுபடியும் ஆபரேட்டர்!

முடிச்சு சரியாக இருந்தால்தான் எல்லாம். 2005-இல் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சோதனை செய்துபார்க்க ஒரு தனி சர்வர் அமைத்தோம். உண்மையான சர்வரை அப்படியே நகல் எடுத்து வைத்தேன். சோதனை சர்வரிலும் பெயர் 'பேரோல்'தான், அப்படித்தான் இருக்க வேண்டும். புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. ஆனால் அந்தப் பெயரை நான் சோதனை டேட்டாபேஸுக்கு மாற்றி முடியவில்லை. நகலில் வந்தபடி உண்மையான டேட்டாபேஸையே காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓவர்டைம் பட்டியலைச் சோதனைக்காகக் காலி செய்யும் கட்டளையைக் கொடுத்தேன். காலியானது உண்மைப் பட்டியல்.

வயிறு கலங்கிப் போனது. முந்தின இரவு டேப்பில் எடுத்த நகலைப் போட்டு மீட்டோம். ஆனால் அன்று பகல் முழுவதும் டைம் ஆபீஸ் பெண்கள் இருவர் உட்கார்ந்து பதிந்தது போனது போனதுதான். சனிக்கிழமை அவர்கள் வந்து திரும்பப் பதிந்தார்கள். நான் சரவணபவன் டிபன் வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து சீட்டுகளைப் படித்துச் சொன்னேன். "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று ஒருத்தியும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதன் பிறகு எந்தப் புரோகிராம் தொடங்கினாலும், அது உண்மையில் எந்த டேட்டாபேஸில் போய் நிற்கிறது என்பதை முதல் வரியில் அச்சிடும்படி செய்தேன். பெயரைக் கேட்டு வாங்கு, ஆனால் எங்கே வந்து சேர்ந்தாய் என்று ஒருமுறை திரும்பிப் பார்.

இப்போது அந்த டிசம்பர் இரவுக்கு வருகிறேன்.

ஜே.என்.டி.ஐ. ஒரு பெயரைக் கேட்டால் வெறும் முகவரியை மட்டும் கொடுப்பதில்லை. ஒரு முழுப் பொருளையே கொடுக்கும். 'இதோ நீ கேட்டது, இதை இயக்கத் தேவையான நிரல் இந்த இடத்தில் கிடைக்கும், எடுத்துக்கொள்' என்றும் சொல்லும். எல்டாப் டைரக்டரியில் ஜாவா பொருள்களை அப்படிப் பதிந்து வைக்கும் முறையை 1999 அக்டோபரில் அதிகாரபூர்வமாகவே எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய வசதியாகத் தெரிந்தது. நெட்வொர்க் வழியே நிரல் ஓடி வந்து வேலை செய்வது அன்றைய நாகரிகம். டைரக்டரி நம் ஆபீசுக்குள்ளே இருக்கிறது, அதை நிரப்புகிறவன் நம் ஆள் என்பது எழுதாத நம்பிக்கை. எழுதாத நம்பிக்கைகள் எவ்வளவு நாள் நிற்கும்?

2016-இல் அமெரிக்காவில் நடந்த பிளாக் ஹாட் பாதுகாப்பு மாநாட்டில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்பதை வெளியாள் தீர்மானிக்க முடிந்தால், அவன் தன் சொந்த டைரக்டரிக்கே நம் கம்ப்யூட்டரை அனுப்பிவைப்பான். அங்கிருந்து அவன் கொடுக்கும் நிரலை அது வாங்கி வந்து ஓட்டும். எச்சரிக்கையைக் கேட்டு ஜாவாவில் சில கதவுகளை 2017, 2018-இல் சாத்தினார்கள். எல்லாக் கதவையும் அல்ல.

லாக்4ஜே என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. புரோகிராம் ஓடும்போது நடப்பதையெல்லாம் நாட்குறிப்பு போல எழுதிவைக்கும். யார் உள்ளே வந்தார், என்ன பெயர் கொடுத்தார், என்ன பிழை என்று எழுதும். அப்பாவியான வேலை. உலகத்தில் பாதி ஜாவா மென்பொருள்களுக்குள் அது எங்கோ ஒரு மூலையில் இருக்கும் என்று சொன்னால் மிகை இல்லை. அதன் இரண்டாம் பதிப்பில், 2013 வாக்கில், யாரோ ஒரு வசதி கேட்டுச் சேர்த்தார்கள். எழுதும் வரியில் டாலர் குறியும் நெளி அடைப்பும் போட்டு ஜே.என்.டி.ஐ. என்று இருந்தால், அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் பதிலை அங்கே நிரப்பும்.

அந்த வரியை எழுதுவது நாமாக இருக்கும்வரை சரி. ஆனால் நாட்குறிப்பில் விழுவதில் பாதி வெளியாள் தட்டியதுதானே? லாகின் பெட்டியில் தன் பெயருக்குப் பதில் அந்தக் குறிகளோடு தன் டைரக்டரியின் முகவரியை ஒருவன் தட்டினால்? நாட்குறிப்பு எழுதுகிறவன் அதைப் படித்து, 'ஓஹோ, இவரைத் தேட வேண்டுமா' என்று கிளம்பி, திருடன் வீட்டுக்கே போய், அவன் கொடுத்த மூட்டையை வாங்கிவந்து, நம் நடுக்கூடத்தில் பிரித்துவைப்பான்.

2021 நவம்பர் 24-இல் சீனாவின் அலிபாபா கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் இதைக் கண்டுபிடித்து அதை எழுதியவர்களுக்கு ரகசியமாகச் சொன்னார். டிசம்பர் 9-இல் விஷயம் வெளியே கசிந்தது. மைன்கிராஃப்ட் என்று பிள்ளைகள் விளையாடும் விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் அந்த வரியைத் தட்டியே சர்வர்களைப் பிடித்தார்கள். ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என்று மதிப்பிட்டார்கள். நம் நாட்டில் செர்ட்-இன் அமைப்பும் எச்சரிக்கை வெளியிட்டது. இதற்கு லாக்4ஷெல் என்று பெயர் வைத்தார்கள்.

என் அண்ணன் மகனின் கம்பெனியில் சிக்கல் திருத்துவது அல்ல. திருத்த வேண்டியது எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அவர்கள் எழுதிய புரோகிராமில் இருந்தால் தெரியும். அவர்கள் வாங்கிய புரோகிராமுக்குள், அதற்குள் இருக்கும் இன்னொன்றுக்குள் புதைந்திருந்தால்? எந்தப் பொருள் எந்த சர்வரில் இருக்கிறது என்று பட்டியல் வைத்திருக்கவில்லை. "பேர் தெரியுது சித்தப்பா, எங்கே இருக்குன்னுதான் தெரியல" என்றான். இடத்தைக் கண்டுபிடிக்கவே பிறந்த ஒரு ஏற்பாட்டில் ஓட்டை. அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு டைரக்டரி இல்லை!

நான் போர்டில் சேர்ந்த முதல் வாரம் நடந்த ஒன்றை அவனிடம் சொன்னேன். வெளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, ஒரு எண்ணைச் சொல்லி, "உங்க எம்.டி.யை இந்த நம்பருக்குப் பேசச் சொல்லுங்க" என்றார். நானும் பவ்யமாக லைன் போடப் போனேன். அக்கா கயிற்றைப் பிடுங்கிவிட்டார். "நம்ம நோட்டுல இருக்கற பேருக்குத்தான் லைன். வெளியாள் சொன்ன நம்பருக்கு நீயா போடாதே. யாருன்னு கேளு, எழுதி வை, அவ்வளவுதான்." 'எழுதி வை, அவ்வளவுதான்' என்பதைக் கேட்டுப் பையன் முதல்முறையாகச் சிரித்தான்.

விடியும்போது அவன் தூங்கினான். அடுத்த இரண்டு வாரமும் அவனுக்கு நிம்மதி இல்லை. முதல் திருத்தம் போதவில்லை என்று 13-ஆம் தேதி இன்னொன்று வந்தது. அதில் இந்த ஜே.என்.டி.ஐ. தேடலையே இயல்பாக அணைத்து வைத்துவிட்டார்கள். 18-ஆம் தேதி மூன்றாவது. 28-இல் நான்காவது. மார்கழிக் கோலம் போட அண்ணி எழும்போதெல்லாம் மாடி விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

எனக்கு வேறொரு கவலை வந்தது. நான் முடிச்சுப் போட்டுவிட்டு வந்த சர்வர்கள்? ஞாயிற்றுக்கிழமை டைரியைத் தேடி எடுத்து, என் இடத்துக்கு வந்தவரின் எண்ணைப் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஆபீஸ் எண்ணுக்குப் போட்டேன். பதிவு செய்த குரல் ஒன்று, எக்ஸ்டென்ஷன் எண் தெரிந்தால் அழுத்தவும், இல்லையென்றால் ஆபரேட்டருக்குப் பூஜ்யத்தை அழுத்தவும் என்றது. பூஜ்யத்தை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்து, தானே நின்றது. கடைசியில் ஓய்வு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மூன்று பேர் கை மாறி, திங்கட்கிழமை அவரே கூப்பிட்டார்.

"சார், நாம இன்னும் லாக்4ஜே ஒண்ணாம் பதிப்புலயே இருக்கோம். நீங்க போட்டு வெச்சதுதான், யாரும் மாத்தல. இந்த வசதியே அதுல கிடையாது" என்றார்.

அந்தப் பதிப்பைப் பராமரிப்பதையே 2015-இல் நிறுத்திவிட்டார்கள். அதுவும் ஆபத்துதான், சீக்கிரம் மாற்றுங்கள் என்று சொன்னேன். சரி சார் என்றார். இன்னும் மாற்றியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.